டிரெய்லரில் ஏற்றும் பழைய கேபின் போட்: வடசென்னையில் வாங்கும் முன் எங்கே தட்டிப் பார்ப்பது

பழைய கேபின் போட் விற்பனைக்கு வந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது வெளியே பெயிண்ட்டையும் உள்ளே மெத்தையையும்தான். விற்பவருக்கும் அது தெரியும். அதனால் அந்த இரண்டும் எப்போதும் நன்றாகவே இருக்கும். நீங்கள் தேட வேண்டியது, இந்தப் படகில் தண்ணீர் எங்கே புகுந்து தங்கியிருக்கிறது என்பதை. ஃபைபர் ஓடு அவ்வளவு சுலபத்தில் கெடாது. அதற்குள் வைத்துப் பூசிய பிளைவுட் அழுகும், ஃபோம் ஊறும், கியர் ஆயில் பால் நிறமாகும், டிரெய்லர் பேரிங் துருவேறும். கீழே உள்ள சோதனைகளில் முக்கால்வாசி இந்த ஒரே விஷயத்தைத் தேடுபவை.

படகுக்கு முன்னால் இன்ச் டேப்

படகைப் பார்க்கக் கிளம்பும் முன் மூன்று அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: நிறுத்தப்போகும் இடத்தின் நீளம், கேட்டின் அகலம், போகும் வழியில் உள்ள மிகத் தாழ்வான சுரங்கப்பாதையின் உயரம். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை பக்கத்துத் தெருக்களில் 20 அடிப் படகோடு டிரெய்லரைத் திருப்புவது படகு ஓட்டுவதைவிடக் கஷ்டம். படகு 20 அடி என்றால் டிரெய்லரின் மூக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இன்ஜினும் சேர்ந்து 25 அடிக்குக் கிட்டே வரும். உயரத்தைப் படகு டிரெய்லரில் இருக்கும்போது தரையிலிருந்து கேபின் உச்சிவரை அளக்க வேண்டும். கூரையில் லைட் கம்பம், ஏரியல் இருந்தால் அவை மடங்குமா என்றும் பாருங்கள்.

அகலத்துக்குச் சட்டமே கணக்கு வைத்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ரோட்டில் போகும் வண்டி 2.6 மீட்டருக்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது. ஏறத்தாழ எட்டரை அடி. ஆகவே படகின் அகலம் 2.5 மீட்டருக்குள் இருப்பது நல்லது. நடைமுறையில் 17 முதல் 21 அடி வரையுள்ள படகுகள்தான் இந்த வட்டத்துக்குள் நிம்மதியாக வரும்.

அடுத்தது எடை. விளம்பரத்தில் போடும் எடை வெறும் ஓட்டின் எடை. 20 அடிப் படகு ஒன்றுக்குக் கணக்குப் போட்டால்: ஓடு 1,000 கிலோ, 115 குதிரைசக்தி ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே தொங்கும் இன்ஜின்) சுமார் 175, 100 லிட்டர் பெட்ரோல் 75, இரண்டு பேட்டரி 50, நங்கூரம், சங்கிலி, கயிறு 30, குடிதண்ணீர், ஐஸ் பெட்டி, லைஃப் ஜாக்கெட் எல்லாம் சேர்த்து 70. ஆக 1,400. டிரெய்லர் 400 கிலோ. மொத்தம் 1,800. இப்போது உங்கள் காரின் கையேட்டைத் திறந்து எவ்வளவு எடையை இழுக்கலாம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அப்படி ஒரு வரியே இல்லையென்றால் அந்தக் கார் இழுப்பதற்கானது இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னால் கொக்கி மாட்டித் தர ஆள் கிடைப்பார்; பிரேக்கும் கிளட்ச்சும் அவர் மாட்டித் தருவதில்லை.

இழுக்க வண்டி இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. காசிமேட்டில் ஃபைபர் போட்டை ஹைட்ரா கிரேனால் தூக்கி லாரியில் வைத்து ஊர் மாற்றுவது சாதாரண வேலை. வருடத்தில் நான்கைந்து முறைதான் தண்ணீரில் இறக்கப்போகிறீர்கள் என்றால் இழுவை வண்டி வாங்குவதைவிட ஹைட்ராவும் லாரியும் வாடகைக்கு எடுப்பது மலிவு. அப்போது டிரெய்லர் வெறும் நிறுத்தும் தாங்கியாக இருந்தால் போதும். ஆனால் ஹைட்ராவில் தூக்க அகலமான பெல்ட் இரண்டு வேண்டும். கம்பிக் கயிறு போட்டுத் தூக்கினால் ஓரங்களில் ஜெல்கோட் (ஃபைபரின் வெளிப்பூச்சு) நொறுங்கும்.

இறக்கும் இடத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கே இடம் போதவில்லை. அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. எண்ணூர்ப் பக்கம் கரையில் இறக்குவதானால் அந்தந்தக் குப்பத்து ஊர்ப் பஞ்சாயத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கரை அவர்கள் வலை காயவைக்கும், படகு ஏற்றும் இடம். கேட்டால் டிராக்டரும் ஆளும் அங்கேயே கிடைக்கும். கேட்காமல் போனால் எதுவும் கிடைக்காது.

எந்த மாதிரி அடிப்பாகம்

கொசஸ்தலையாற்று முகத்துவாரம் மணல் மேடிட்டுக்கொண்டே இருக்கும் இடம். ஆற்றுக்குள் சாம்பலும் சேறும் படிந்து பல இடங்களில் இடுப்பளவு ஆழம்கூட இல்லை. அங்கே சுற்றுவதுதான் நோக்கம் என்றால் அடி தட்டையான, குறைவாக மூழ்கும் படகு. கடலுக்குள் போக வேண்டும் என்றால் பின்பலகை அருகிலும் ‘வி’ வடிவம் ஆழமாக, 18 முதல் 20 டிகிரி சரிவோடு இருப்பது அலையை வெட்டிக்கொண்டு போகும். தட்டை அடி ஒவ்வொரு அலைக்கும் இடுப்பை உடைக்கும். இரண்டையும் ஒரே படகில் எதிர்பார்ப்பவர்கள் 14, 15 டிகிரியில் சமாதானம் ஆகலாம். சரிவு அதிகமான படகு நிற்கும்போது பக்கவாட்டில் அதிகம் ஆடும் என்பதையும் மனதில் வையுங்கள். குழந்தைகளோடு நங்கூரம் போட்டுச் சாப்பிட உட்காரும்போது அது தெரியும்.

கேபினைப் பற்றி ஒரு கருத்து: சென்னை வெயிலில் மார்ச்சுக்குப் பிறகு அதற்குள் படுத்துத் தூங்கலாம் என்று கனவு காணாதீர்கள். நிழல், கழிப்பறை, பொருள் வைக்க ஒரு பூட்டு அறை, இந்த மூன்றுக்குத்தான் அது. எனவே கட்டில் எத்தனை என்பதைவிட, மேலே திறக்கும் மூடி ஒன்றும் பின்பக்கக் கதவும் நேர்க்கோட்டில் இருந்து காற்று ஓடுகிறதா என்பதே முக்கியம்.

பார்க்கப் போகும் நாள்

நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் விற்பவரும் படகைக் கரையில் கட்டிப்போட்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டிய நிலையில் இருப்பார், விலையும் இறங்கும். ஒழுகும் ஜன்னலும் ஊறிய தரையும் அன்றைக்கு மறைக்க முடியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளெல்லாம் பழுதுபார்க்கக் கரையேறும் சமயம். நல்ல ஃபைபர் வேலைக்காரர் யாரும் அப்போது உங்கள் படகைப் பார்க்க ஓய்வாக இருக்க மாட்டார்.

கொண்டு போக வேண்டியவை: பிளாஸ்டிக் பிடி உள்ள ஸ்க்ரூடிரைவர், டார்ச், சின்னக் கண்ணாடி, கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் மீட்டர்), ஸ்பார்க் பிளக் ஸ்பானர், மல்டிமீட்டர், ஒரு கண்ணாடி பாட்டில், பழைய துணி, ஜாக்கி. வேலை தெரிந்த ஃபைபர்காரர் ஒருவரையும் அவுட்போர்டு மெக்கானிக் ஒருவரையும் அரை நாள் கூலி கொடுத்துக் கூட்டிப்போனால் அந்தப் பணம் பேரத்திலேயே திரும்பி வந்துவிடும்.

பின்பலகை: இங்கே பாதி நேரம் செலவழியுங்கள்

இன்ஜின் தொங்கும் பின்பலகையை டிரான்சம் என்பார்கள். பெரும்பாலான படகுகளில் அது இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே வைத்த பிளைவுட். இன்ஜின் போல்ட், தண்ணீர் வடிக்கும் பிளக் துளை, சென்ஸார் மாட்டிய திருகாணி, ஏணி போல்ட் ஆகிய ஒவ்வொரு துளையிலும் சீலன்ட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) போனால் தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும். வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே மரம் கூழாகியிருக்கும்.

ஸ்க்ரூடிரைவர் பிடியால் இரண்டு அங்குலத்துக்கு ஒரு தட்டு என்று முழுப் பலகையையும் தட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று கூர்மையாகக் கேட்கும். ஊறிய இடத்தில் சத்தம் ‘தொப்’ என்று செத்துவிடும். பிளக் துளையைச் சுற்றியும் இன்ஜின் போல்ட்களின் கீழேயும்தான் முதலில் சாகும். பிறகு இன்ஜினைப் பாதி தூக்கி நிறுத்தி, அதன் அடிக்காலை (தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியை) பிடித்து மேலும் கீழும் அழுத்தச் சொல்லிவிட்டு நீங்கள் பின்பலகையின் மேல் விளிம்பைப் பாருங்கள். பலகை அசையவே கூடாது. பின்பலகைக்கு முன்னால் உள்ள இன்ஜின் பள்ளத்தின் மூலைகளில் விரிசல் திறந்து மூடினால் அந்தப் படகின் பேரம் அங்கேயே முடிந்தது. கடைசியாகப் பிளக்கைக் கழற்றித் துளைக்குள் விரலை விட்டுச் சுற்றுங்கள். பழுப்புத் தண்ணீரோ நார்நாராக மரமோ விரலில் வந்தால் வேறு சோதனை தேவையில்லை.

பின்பலகையை மாற்ற முடியாது என்பதில்லை. இன்ஜினை இறக்கி, உள்தோலை வெட்டி, அழுகிய மரத்தைச் செதுக்கி எடுத்து, காயவைத்து, புதுப் பலகை ஒட்டி ஃபைபர் மேட் (கண்ணாடி நார் விரிப்பு), ரெசின் போட வேண்டும். வடசென்னையில் இந்த வேலை செய்யத் தெரிந்த கைகள் உண்டு. ஆனால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளை போடுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஐ.எஸ். 303 என்றால் வீட்டு அலமாரிக்கான பலகை. மழைக்காலத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். ஈரப்பதத்தில் பாலியெஸ்டர் ரெசின் சரியாக ஒட்டாது. ஆறு மாதத்தில் தோல் பிரியும்.

ஓடு, தரை, எடை மேடை

ஓட்டின் அடியில் படுத்துப் பாருங்கள். நட்சத்திரம் போல விரிந்த மெல்லிய கீறல் எதிலோ இடித்ததன் அடையாளம். அதன் உட்பக்கத்தையும் பார்த்து ஒட்டு வேலை நடந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் கீறல்கள் அந்த இடம் வளைகிறது என்று சொல்கின்றன. உள்ளே தாங்குகட்டை விட்டிருக்கலாம். டிரெய்லரின் தாங்கு பலகை படும் இடத்திலேயே நீளமாகக் குழி விழுந்திருந்தால், படகுக்குப் பொருந்தாத டிரெய்லரில் பல வருடம் உட்கார வைத்திருக்கிறார்கள்.

எப்போதும் தண்ணீரிலேயே கட்டிக் கிடந்த படகில் அடிப்பாகத்தில் கொப்புளங்கள் வரும். ஜெல்கோட் வழியே தண்ணீர் கசிந்து உள்ளே ரசாயனத்தோடு சேர்ந்து உருவாக்கும் அழுத்தம் அது. ஒன்றைக் குத்தினால் வினிகர் வாடையோடு திரவம் வரும். பத்துப் பதினைந்து சின்னக் கொப்புளம் பெரிய விஷயம் இல்லை. உள்ளங்கை அகலத்தில் வரிசையாக இருந்தால் விட்டுவிடுங்கள். கரையில் காய்ந்தபின் கொப்புளம் அமுங்கிவிடும் என்பதால், படகு எப்போது கரையேறியது என்று கேளுங்கள். அடியில் புதுப் பெயிண்ட் அடித்து விற்பனைக்கு வைத்திருந்தால், பெயிண்ட்டுக்கு அடியில் என்ன என்பதை விற்பவர் சொல்லட்டும். குறிப்பாகப் படகின் அடிப்பள்ளத்துக்குள், யாரும் பார்க்காத இடத்தில், புதுப் பெயிண்ட் இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

உள்ளே ஏறிக் குதிகாலை ஊன்றி நடந்து பாருங்கள். இருக்கைக் கால்கள் திருகிய இடம், கேபின் வாசல், மீன்பெட்டி மூடியைச் சுற்றி, இங்கெல்லாம் தரை அமுங்கினால் மேல் பிளைவுட் போயிருக்கிறது. அது சரிசெய்யக்கூடியதுதான். அதற்கடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டைகள் ஊறியிருந்தால் அது வேறு கணக்கு. தரை முழுவதையும் பெயர்த்தெடுக்க வேண்டும். சோதனை மூடியைத் திறந்து கண்ணாடியும் டார்ச்சும் வைத்து அந்தக் கட்டைகளைத் தட்டிப் பாருங்கள்.

தரைக்கடியில் அடைத்த ஃபோம் ஊறியிருப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. வடசென்னையில் இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. மணலி, மாதவரம், பொன்னேரி நெடுஞ்சாலைப் பக்கம் கண்டெய்னர் லாரிகளுக்கான எடை மேடைகள் நிறைய. படகோடு டிரெய்லரை மேடையில் ஏற்றி, இழுவை வண்டியைக் கழற்றித் தள்ளி நிறுத்திவிட்டு எடை போடுங்கள். அதிலிருந்து டிரெய்லர், இன்ஜின், டேங்கில் உள்ள பெட்ரோல், பேட்டரி எடைகளைக் கழியுங்கள். மிச்சத்தைத் தயாரிப்பாளர் சொல்லும் ஓட்டின் எடையோடு ஒப்பிடுங்கள். எடை மேடை 10, 20 கிலோ முன்பின் காட்டும். 50 கிலோ வரை சில்லறைப் பொருள் என்று விடலாம். 150, 200 கிலோ அதிகம் என்றால் அவ்வளவு லிட்டர் தண்ணீர் ஃபோமுக்குள் குடியிருக்கிறது. பிளக்கைக் கழற்றி வைத்து மாதக்கணக்கில் காத்திருந்தாலும் அது வெளியே வராது. எடைச் சீட்டை விற்பவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசுங்கள், வாதமே தேவைப்படாது.

கேபின் ஜன்னல்களுக்குத் தோட்டக் குழாய் போதும். ஒவ்வொரு ஜன்னலிலும் கீழ்விளிம்பில் தொடங்கி மேலே ஏறிக்கொண்டே தண்ணீர் விடுங்கள், உள்ளே ஒருவர் டார்ச்சோடு பார்க்கட்டும். மேலிருந்து தொடங்கினால் எந்த இடம் ஒழுகுகிறது என்று பிரித்தறிய முடியாது. ஓடும் மேல்தளமும் சேரும் விளிம்பு ரப்பருக்கடியிலும் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கூரைத் துணியில் பழுப்புக் கறை, மெத்தையைத் தூக்கினால் பூஞ்சை வாடை, இவை ஜன்னல் சீலன்ட் போய்விட்டதைச் சொல்பவை. சீலன்ட் மாற்றுவது மலிவு. அதற்கடியில் மேல்தளப் பலகை ஊறியிருப்பது மலிவல்ல. அங்கேயும் தட்டுங்கள்.

இன்ஜின்

கடலில் ஓடும் படகுக்கு அவுட்போர்டு உள்ளதையே வாங்குங்கள். படகுக்குள் கார் இன்ஜினைப் போல் உட்கார்ந்து, பின்பலகை வழியே கால் நீட்டிய ஸ்டெர்ன்டிரைவ் படகுகள் விலை குறைவாக வரும், காரணம் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் அதன் புகை போகும் பாகங்களான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ரைசரும் உள்ளிருந்து அரித்து ஒருநாள் தண்ணீரைச் சிலிண்டருக்குள் விடும். அந்தக் கால் வெளியே போகும் துளையை மூடும் ரப்பர் உறை (பெல்லோஸ்) கிழிந்தால் படகே மூழ்கும். அவுட்போர்டிலும் யமஹா, சுசுகி என்றால் மீனவர்கள் ஓட்டுவதால் சென்னையில் உதிரிப்பாகமும் மெக்கானிக்கும் தட்டுப்பாடில்லை. அரிதான பிராண்ட் எவ்வளவு மலிவாக வந்தாலும், ஒரு சின்ன கேஸ்கெட்டுக்கு ஒரு சீசன் முழுக்கக் காத்திருக்கத் தயாரா என்று யோசியுங்கள்.

போனதும் இன்ஜின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆறட்டும் என்று சொல்லிவிட்டு டிரெய்லரைப் பாருங்கள். ஆறிய இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதில்தான் அதன் உடம்பு தெரியும்.

கியர் ஆயிலை இன்ஜினை ஓட்டும் முன், பல மணி நேரம் நின்றிருந்த நிலையில் பார்க்க வேண்டும். அடிக்காலின் கீழ்த் திருகை ஓரிரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் சொட்டினாலோ ஆயில் பால் காபி நிறத்தில் வந்தாலோ சீல் போயிருக்கிறது. பெரும்பாலும் புரொப்பெல்லர் தண்டில் தூண்டில் நரம்போ வலை நூலோ சுற்றி சீலை அறுத்திருக்கும். காசிமேடு, எண்ணூர்த் தண்ணீரில் இது சர்வசாதாரணம். சீல் மாற்றுவது சின்ன வேலை. ஆனால் தண்ணீர் எவ்வளவு நாள் உள்ளே இருந்தது என்பது தெரியாததால், திருகின் காந்தத்தில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். மாவு போன்ற துகள் பரவாயில்லை. செதில் செதிலாக இரும்பு இருந்தால் கியர் பல் போகிறது.

அடுத்து கம்ப்ரஷன். இன்ஜினைத் தண்ணீர் கொடுத்துச் சூடேற்றி நிறுத்தி, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி பாதுகாப்புக் கயிற்றை உருவிவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறந்து வைத்து ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். எண் எவ்வளவு என்பது மாடலுக்கு மாடல் மாறும். சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதே கேள்வி. ஒன்று மட்டும் 20, 25 சதவீதம் கீழே இருந்தால் அந்த இன்ஜினுக்கு விலை இல்லை, இரும்பு எடைதான்.

மண்ணெண்ணெயில் ஓடிய இன்ஜினா என்று கேளுங்கள். மீன்பிடிப் படகிலிருந்து கழற்றிய இன்ஜினைக் கேபின் போட்டில் மாட்டி விற்பதுண்டு. மண்ணெண்ணெய் இன்ஜினில் பிஸ்டன் தலையிலும் எக்ஸாஸ்ட்டிலும் கரி தடித்திருக்கும். பிளக்கின் முனை கறுத்து ஈரமாக இருக்கும். தினசரி ஓடிய இன்ஜின் என்பதால் ஹவர் மீட்டர் இல்லாமல் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

இன்னொன்று, வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரப் பகுதி முழுக்கத் தண்ணீரும் அதன்மேல் கசிந்த எண்ணெயுமாக இருந்தது. அந்தச் சமயத்தில் இங்கே இருந்த படகு என்றால் ஸ்டார்ட்டர் மோட்டார், எலக்ட்ரானிக் பெட்டி, வயர் சாக்கெட்டுகளுக்குள் சேற்றுக்கோடு இருக்கிறதா பாருங்கள். விளிம்பு ரப்பருக்கடியிலும் இருக்கை அடியிலும் தார் போன்ற கறை ஒளிந்திருக்கும்.

ஓடும்போது பக்கவாட்டில் ஒரு சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும். தண்ணீர் வெதுவெதுப்பாக, விடாமல் வர வேண்டும். கொதித்தாலோ விட்டுவிட்டு வந்தாலோ இம்பெல்லர் அல்லது உப்படைத்த தெர்மோஸ்டாட். இம்பெல்லர் வருடம் ஒருமுறை மாற்ற வேண்டிய சின்ன ரப்பர் சக்கரம். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்ற கேள்விக்கு விற்பவர் விழித்தால் மற்ற பராமரிப்பும் அந்த லட்சணம்தான். ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் முழுக்கத் திரும்புகிறதா, இன்ஜினைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் பாதியில் நிற்காமல் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

பெட்ரோல் டேங்க்கைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஆனால் இப்போதைய தலைவலி ஒன்றுதான்: பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். இன்ஜின் குழாயோ அடியிலிருந்துதான் உறிஞ்சும். டேங்கின் அடியிலிருந்து ஒரு பாட்டில் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் டேங்க்கைக் காலிசெய்து கழுவ வேண்டும். பழைய ரப்பர் குழாய்களும் எத்தனாலில் ஊதி உள்ளே உரியும். விரலால் அழுத்தினால் பிசுபிசுப்பாக இருப்பவற்றை எல்லாம் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் இல்லாத படகில் முதலில் அதை மாட்டுங்கள்.

வயரிங், விளக்கு, காஸ்

சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் பார்த்தால் போதும். வீட்டு வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தால் முழு வயரிங்கையும் மாற்றும் கணக்கில் விலை பேசுங்கள். உப்புக் காற்றில் வெறும் செம்பு பச்சை பிடித்து, அது உறைக்குள்ளேயே பரவிவிடும். ஈயம் பூசிய செம்புக் கம்பிதான் தாங்கும். பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் மெயின் ஃப்யூஸ் இருக்க வேண்டும். அடிப்பள்ளத்துத் தண்ணீரை இறைக்கும் பம்ப்பின் மிதவை சுவிட்சைக் கையால் தூக்கிப் பாருங்கள். பம்ப் ஓட வேண்டும். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை விளக்கு எரிகிறதா பாருங்கள். கேபினுக்குள் 5 கிலோ காஸ் சிலிண்டர் வைத்துச் சமைக்கும் ஏற்பாடு இருந்தால் கழற்றி எறியுங்கள். கசிந்த காஸ் காற்றைவிடக் கனம், படகின் அடிப்பள்ளத்தில் போய்த் தங்கும், பம்ப் சுவிட்சின் ஒரு பொறி போதும்.

டிரெய்லர்

படகு நன்றாக இருந்து டிரெய்லர் சொத்தையாக இருப்பதே அதிகம். பெயிண்ட் அடித்த சதுரக் குழாய்ச் சட்டம் உள்ளிருந்து துருவேறும். சுத்தியலால் அடிப்பக்கம் தட்டினால் துரு உதிரும் சத்தம் கேட்கும். கால்வனைஸ் செய்தது என்றால் கூடுதலாகக் கொடுக்கலாம். பட்டை ஸ்பிரிங்குகளின் இடையில் துரு தடித்து இலைகளைப் பிரித்திருந்தால் எண்ணூர் விரைவுச் சாலைப் பள்ளம் ஒன்று போதும், முறிந்துவிடும். ஒவ்வொரு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிச் சுற்றுங்கள், கரகரத்தால் பேரிங். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆடவே கூடாது. ஓடிச் சூடான ஹப்பை நேரே தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். பேரிங் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். இறக்கும் முன் 20 நிமிடம் ஆறவிடுங்கள்.

டயர் தேய்ந்திருக்காது, வெயிலில் வெடித்திருக்கும். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், பின்னிரண்டு வருடம். 2318 என்றால் 2018இன் 23ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டியிருந்தால் மாற்றும் செலவைக் கழியுங்கள். கொக்கியில் இறங்கும் எடை மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம் இருக்க வேண்டும், அதாவது 1,800 கிலோவுக்கு 90 முதல் 180 வரை. குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். படகை இழுத்துக் கட்டும் வின்ச் கம்பத்தை முன்னே நகர்த்திப் படகைச் சரிசெய்யலாம். வண்டியின் கொக்கிப் பந்தின் அளவும் அதில் மாட்டும் டிரெய்லர் கப்ளரின் அளவும் இரண்டிலும் குத்தியிருக்கும். ஒன்றாக இருக்க வேண்டும்.

காகிதம்

டிரெய்லர் சட்டப்படி தனி வாகனம். அதற்குத் தனி ஆர்.சி. வேண்டும். பெயர் மாற்றப் படிவம் 29, 30. பட்டறையில் செய்த, ஆர்.சி. இல்லாத டிரெய்லர் என்றால் அதை இரும்பு விலைக்கு மட்டும் மதிப்பிடுங்கள். படகின் பழைய பில், முந்தைய பதிவு, விற்பனை ஒப்பந்தம் ஆகியவற்றோடு இன்ஜினின் எண் பொறித்த தகட்டையும் ஒப்பிடுங்கள். அவுட்போர்டு இறக்குமதிப் பொருள், அடிக்கடி திருடு போகும் பொருளும்கூட. தகடு சுரண்டப்பட்டிருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். உள்நாட்டு நீரில் ஓடும் இன்ஜின் படகுகளுக்கு 2021ஆம் ஆண்டின் உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டம் பதிவைக் கேட்கிறது. உங்கள் படகுக்கும் நீங்கள் ஓட்டப்போகும் இடத்துக்கும் எது பொருந்தும் என்று தமிழ்நாடு கடல்சார் வாரியத்தில் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். மீன்வளத் துறையில் மீன்பிடிப் படகாகப் பதிவானதைக் கேபின் வைத்துத் தந்தால், அந்தப் பதிவை வைத்துக்கொண்டு குடும்பத்தோடு உல்லாசப் பயணம் போக முடியாது.

பழவேற்காடு மனதில் இருந்தால்: அது பறவைகள் சரணாலயம், வனத்துறை அனுமதி இல்லாமல் ஏரிக்குள் படகை இறக்க நினைக்காதீர்கள். அங்கே 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். எத்தனை பேர் ஏறலாம் என்ற தகடு படகில் இருக்கிறதா பாருங்கள். அதற்கு மேல் ஒருவரும் ஏறக் கூடாது, ஒவ்வொருவர் உடம்பிலும் லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும்.

தண்ணீரில் ஓட்டிப் பார்ப்பது

இதற்கு ஒப்புக்கொள்ளாத விற்பவரிடம் வாங்க வேண்டாம். காலை ஆறு மணிக்குக் கடல் சட்டி போல இருக்கும். எல்லாப் படகும் நன்றாகத்தான் ஓடும். பத்து, பதினொரு மணிக்குக் கடல்காற்று கிளம்பும் நேரத்தில் ஓட்டுங்கள். வழக்கமாக ஏறப்போகும் ஆட்களின் எண்ணிக்கைக்குச் சமமாக ஆள் ஏற்றுங்கள். தெரியாத படகில் முகத்துவார மணல்திட்டைத் தாண்டும் வேலை வேண்டாம். காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் இரண்டின் கப்பல் வழியிலிருந்தும் விலகியே இருங்கள். கிளம்பும் முன் கைபேசியில் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டையும் பதிந்துகொள்ளுங்கள்.

முழு வேகத்தில் இன்ஜின் எத்தனை ஆர்.பி.எம். தொடுகிறது? தயாரிப்பாளர் சொல்லும் எல்லை பல ஃபோர் ஸ்ட்ரோக்குகளில் 5,000 முதல் 6,000. அதைத் தொடவில்லை என்றால் இன்ஜின் பலவீனம், பொருந்தாத புரொப்பெல்லர், அல்லது ஃபோமில் ஊறிய அந்த எடை. ஆர்.பி.எம். திடீரென ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் புரொப்பெல்லரின் நடு ரப்பர் வழுக்குகிறது. அது சில ஆயிரத்தில் முடியும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு அடிப்பள்ளத்தைத் திறந்து பாருங்கள். கிளம்பும்போது துடைத்துக் காயவைத்த இடத்தில் தண்ணீர் நின்றால் விரலில் தொட்டு நுனி நாக்கில் வையுங்கள். உப்புக் கரித்தால் ஓட்டில் ஓட்டை; கரிக்காவிட்டால் மேலே தேங்கிய மழைத்தண்ணீர் எங்கிருந்தோ இறங்குகிறது. கரையேறியதும் பின்பலகையை மறுபடி ஒரு முறை தட்டுங்கள்.

வாங்கிய முதல் வாரத்தில், விற்பவர் எவ்வளவு சத்தியம் செய்திருந்தாலும், இம்பெல்லர், கியர் ஆயில், பெட்ரோல் ஃபில்டர், டிரெய்லர் பேரிங் நான்கையும் மாற்றிவிடுங்கள். துத்தநாக ஆனோடு (இன்ஜினுக்குப் பதிலாகத் தான் அரிபடும் உலோகக் கட்டி) பாதிக்கு மேல் கரைந்திருந்தால் அதையும். ஒவ்வொரு முறை கடலிலிருந்து வந்ததும் 10 முதல் 15 நிமிடம் நல்ல தண்ணீர் கொடுத்து இன்ஜினை ஓட்டுங்கள். நிறுத்தும்போது அணியம் (படகின் முன்முனை) உயர்ந்திருக்கும்படி டிரெய்லரைத் தூக்கி வைத்து, பின்பலகைப் பிளக்கைக் கழற்றி ஸ்டீயரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். அங்கே தொங்கினால்தான் அடுத்த முறை மாட்டாமல் தண்ணீரில் இறக்க மாட்டீர்கள்.